ஓடுகிற சிஸ்டத்தை விடமாட்டேன் என்பவரைப் புதியதற்கு அழைத்து வருவது எப்படி

திருநெல்வேலிப் பக்கம் ஒரு சின்ன அச்சகம். முன்னால் கல்யாண அழைப்பிதழ் மாதிரிகள் அடுக்கிய அலமாரி, உள்ளே ஒரு மேசை, அதன்மேல் விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் ஒரு கணினி. வருடா வருடம் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் கேபினெட்டின் நெற்றியில் காய்ந்து ஒட்டியிருக்கிறது. மகன் புதுசு வாங்கித் தருவதாகச் சொன்ன விஷயத்தை அண்ணாச்சியிடம் மெதுவாக எடுத்தேன். "இது ஓடுதுல்லா தம்பி? ஓடுறதைப் போட்டு எதுக்கு நோண்டணும்?" என்று சொல்லிவிட்டு அடுத்த நோட்டீஸை அடிக்க ஆரம்பித்துவிட்டார்.

இப்படி ஒருவர் எல்லோருக்கும் இருக்கிறார். அப்பாவாக இருக்கலாம், ஆடிட்டர் அலுவலகத்தில் இருபது வருடமாகக் கணக்கு எழுதும் அக்காவாக இருக்கலாம், ஓய்வு பெற்ற வாத்தியாராக இருக்கலாம். அவர்களை மாற்றும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருந்தால் இது உங்களுக்காக எழுதியது. நான் பல வருடமாக இந்த வேலையைச் செய்துகொடுத்து வருகிறேன், அதில் உறுதியாகத் தெரிந்துகொண்டது ஒன்று: மறுப்பவருக்கு ஒரு காரணம் இருக்கிறது, அது பெரும்பாலும் நியாயமான காரணம், ஆனால் அதைக் கணினி மொழியில் சொல்ல அவருக்குத் தெரியாது. "வயசாயிடுச்சு, பிடிவாதம்" என்று நாம் முடிவு கட்டிவிட்டால் அந்தக் காரணம் கடைசிவரை நமக்குத் தெரியாமலே போய்விடும், மாற்றிய மூன்றாம் நாள் அதே காரணம் வந்து வழியை மறிக்கும்.

முதலில் பயமுறுத்துவதை விடுங்கள்

நம்மில் பலர் தேதியைச் சொல்லித்தான் தொடங்குகிறோம். எக்ஸ்பி 2001 அக்டோபரில் வந்தது, 2014 ஏப்ரல் 8-உடன் அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14, வீட்டில் பயன்படுத்துகிறவர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு. எல்லாம் உண்மை. ஆனால் அந்தத் தேதிக்கு மறுநாள் காலையிலும் அந்தக் கணினி வழக்கம்போலத்தான் எழுந்திருக்கும், அதே படம், அதே சத்தம். பத்து வருடமாக ஒன்றும் ஆகவில்லை என்பதை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார், நாம் சொல்வது காதால் கேட்பது. எதை நம்புவார்?

வைரஸ் கதையும் அப்படித்தான். 2017 மே 12-ஆம் தேதி வானாக்ரை உலகம் முழுக்கப் பரவியது, கோப்புகளைப் பூட்டி வைத்துக்கொண்டு 300 டாலர் கேட்டது, பிரிட்டனில் அரசு மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சைகள் ரத்தாயின. அதை அடைக்கும் திருத்தம் மார்ச் 14-ஆம் தேதியே வந்திருந்தது, போடாதவர்கள்தான் அதிகம் மாட்டினார்கள், அதிலும் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணினிகள். இது நீங்கள் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டிய விஷயம், நீங்கள் அவசரப்பட வேண்டிய காரணமும் இதுதான். ஆனால் அவரிடம் இதைச் சொன்னால், "அப்போ நெட் கனெக்‌ஷனைக் கழட்டிரு" என்பார், பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. அவர் பயத்துக்கு நம் தரப்புதான் காரணம் கொடுத்திருக்கிறது. 2007-இல் விஸ்டா வந்தபோது பிரிண்டர், ஸ்கேனர் எல்லாம் டிரைவர் (அவற்றைக் கணினியோடு பேச வைக்கும் மென்பொருள்) இல்லாமல் படுத்துக்கொண்டன. 2012-இல் விண்டோஸ் 8 வந்து ஸ்டார்ட் பட்டனையே எடுத்துவிட்டது, பட்டன் அடுத்த வருடம் திரும்பி வந்தது, மெனு திரும்பி வர 2015 ஆனது. 2016-இல் விண்டோஸ் 10-க்கு மாறச் சொல்லி ஒரு பெட்டி தோன்றிக்கொண்டே இருந்ததே, அதை மூடும் குறியைத் தொட்டாலும் மாறும் நேரம் ரத்தாகாமல் நின்றது, பலர் காலையில் வந்து பார்த்தபோது கணினியே வேறாக இருந்தது. இவ்வளவும் பார்த்தவர் "வேண்டாம்" என்றால் அது அனுபவத்தில் வந்த சொல். அதை அப்படியே ஒத்துக்கொள்ளுங்கள். "ஆமா அண்ணாச்சி, நீங்க சொல்றது சரிதான்" என்பதற்குப் பிறகுதான் அவர் மனதில் உள்ளதைச் சொல்வார்.

ஒரு நாள் முழுக்கப் பக்கத்தில் உட்காருங்கள்

உட்கார்ந்து பார்ப்பதுதான் இந்த முழு வேலையிலும் முக்கியமான கட்டம், இதைத் தாண்டிப் போகாதீர்கள். ஒரு நோட்டும் பேனாவும் போதும். கடை திறந்ததிலிருந்து அவர் என்னென்ன தொடுகிறார் என்று எழுதுங்கள். கேள்வி கேட்டால் "பேஜ்மேக்கர், நெட், அவ்வளவுதான்" என்று முடித்துவிடுவார், பார்த்தால்தான் இருபது விஷயம் தெரியும். எந்தப் பிரிண்டர், எந்த வழியில் இணைத்திருக்கிறது, பின்னால் டாங்கிள் (மென்பொருள் உரிமத்துக்கான சிறு செருகி) ஏதாவது செருகியிருக்கிறதா, வேலைகளை எந்த டிரைவில் எந்தப் பெயரில் சேமிக்கிறார், வாடிக்கையாளர் மேட்டரை எதில் அனுப்புகிறார், எந்த இடத்தில் அவர் கை தானாகப் போகிறது, எந்த இடத்தில் தயங்குகிறது.

அண்ணாச்சி கடையில் அன்று நான் பார்த்ததைச் சொல்கிறேன், தமிழில் டிடிபி (கணினியில் அச்சுப் பக்கம் கட்டும் வேலை) செய்யும் கடைகள் பலவற்றிலும் கதை இதுதான்.

அவர் பேஜ்மேக்கர் 7-இல் வேலை செய்கிறார். அது அச்சுப் பக்கங்களை வடிவமைக்க 2001-இல் வந்த மென்பொருள், 2004-லேயே அடோபி அதை வளர்ப்பதை நிறுத்திவிட்டது. எழுத்துரு பாமினி. பாமினியில் 'தமிழ்' என்று வர, விசைப்பலகையில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று அடிக்க வேண்டும். கணினி தன் வயிற்றில் வைத்திருப்பதும் அந்த ஆங்கில எழுத்துகளைத்தான், எழுத்துருதான் அவற்றுக்குத் தமிழ் முகம் மாட்டிவிடுகிறது. எழுத்துருவை எடுத்துவிட்டால் கல்யாணப் பத்திரிகை முழுக்க அர்த்தமில்லாத ஆங்கிலக் குவியல். அவரிடம் இப்படி இருபது வருட வேலை டி டிரைவில் இருக்கிறது. ஊரில் பாதிப் பேருடைய காதணி விழா, பூப்புனித நீராட்டு விழா, திருமணம், பிறகு அதே வீட்டின் கண்ணீர் அஞ்சலி எல்லாம் அந்த ஃபோல்டர்களில் இருக்கின்றன. "போன தடவை அடிச்சது மாதிரியே, தேதி மட்டும் மாத்திக் கொடுங்க" என்று ஒருவர் வந்தால் இரண்டு நிமிடத்தில் எடுத்துக்கொடுக்கிறார். அவருடைய கடையின் முதலே அதுதான். புதுக் கணினியில் அது திறக்காது என்பது அவருக்குத் தெரியும், எப்படி என்று விளக்கத்தான் தெரியாது.

அடுத்தது விரல். அவருக்குத் திரையைப் பார்க்கவே தேவையில்லை, பேசிக்கொண்டே அடிக்கிறார். பாமினியில் 'கொ' என்பது மூன்று அடி: கொம்பு, க, கால். தப்பாகிவிட்டால் பேக்ஸ்பேஸ் ஒவ்வொன்றாகத் தின்னும், கொம்புக்கும் ககரத்துக்கும் நடுவில்கூடக் கர்சரை வைக்கலாம். தமிழைத் தமிழாகவே சேமிக்கும் இன்றைய பொது முறையான யூனிகோடில் அப்படி வைக்க முடியாது, கொம்பும் காலும் சேர்ந்து ஒரே குறியாக இருக்கும், ஒரே அடியில் இரண்டும் போய்விடும். நமக்கு இது ஒன்றுமே இல்லை. ஒரு நாளில் எட்டு மணி நேரம் அடிக்கும் ஆளுக்கு, தன் கையே தன் பேச்சைக் கேட்காத மாதிரி இருக்கும். இதை நான் மதிக்கிறேன், இதைப் பழக்கதோஷம் என்று சொல்பவர்கள் ஒரு நாள் அந்த வேகத்தில் அடித்துப் பார்க்கட்டும்.

மூன்றாவது, அலங்கார எழுத்துகள். பழைய வகையில் கல்யாணத்துக்கு, கோயில் கொடைக்கு, அரசியல் போஸ்டருக்கு என்று வகைவகையாக எழுத்துருக்கள் குவிந்திருந்தன. யூனிகோடில் அவ்வளவு வளம் வர நாளாகியது. "உங்க புது எழுத்துல எல்லாம் ஒரே மாதிரி மொட்டையா இருக்கு" என்று அவர் சொன்னது ஒரு காலத்தில் உண்மைதான்.

அப்புறம் பிரிண்டர். அவருடைய பழைய லேசர் பிரிண்டரில்தான் டிரேசிங் பேப்பரில் பிரதி எடுத்து பிளேட் போடக் கொடுக்கிறார். அது நன்றாகவே ஓடுகிறது. ஓடுகிற பிரிண்டரைத் தூக்கிப்போட்டுப் புதுசு வாங்கச் சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது?

கதவு எங்கே திறந்தது

மதியம் ஒரு வாடிக்கையாளர் வாட்ஸாப்பில் அழைப்பிதழ் மேட்டரை அனுப்பினார், இரண்டு பக்கத்து உறவுமுறைகளோடு நீளமான மேட்டர். அண்ணாச்சி போனை மேசையில் நிறுத்தி வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் பார்த்துப் பார்த்துத் திரும்ப அடித்தார். முக்கால் மணி நேரம் ஆனது. ஏன் அப்படியே எடுத்துப் போடவில்லை என்று கேட்டேன். போட்டுக் காட்டினார். பேஜ்மேக்கரில் வரிசையாகக் கேள்விக்குறிகள் வந்து விழுந்தன. பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தெரியாது, வாடிக்கையாளரின் போன் அனுப்புவதோ யூனிகோடு.

என் மடிக்கணினியில் அதே மேட்டரை, அடோபியின் இன்றைய பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் ஒட்டிக் காட்டினேன். முழுக்கத் தமிழாக வந்து நின்றது. எழுத்துருவை மாற்றினேன், மாறியது. அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "மாப்பிள்ளை பேரு சரியா வந்திருக்கா பாரு" என்றார். நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

நீங்கள் தேட வேண்டியது இந்த இடத்தைத்தான். அவர் தினமும் படுகிற பாடு ஒன்று பழைய கணினியில் இருக்கும், அவருக்கே அது பாடு என்று தோன்றாத அளவுக்குப் பழகிப்போயிருக்கும். கணக்கு எழுதுகிற அக்காவுக்கு அது வங்கித் தளம் திறக்காததாக இருக்கலாம். குரோம் எக்ஸ்பியை 2016-லும் விண்டோஸ் 7-ஐ 2023-லும் கைவிட்டது, 7-இல் கடைசியாக ஓடுவது 109-ஆம் பதிப்பு. எக்ஸ்பியோடு வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு இன்றைய பாதுகாப்பு இணைப்பே தெரியாது. வாத்தியாருக்கு அது பேரனுடைய வீடியோ அழைப்பாக இருக்கலாம். அந்த ஒன்றைக் கண்டுபிடித்து, புதியதில் அது எப்படித் தீர்கிறது என்று அவர் கண்முன் செய்து காட்டுங்கள், சொல்ல வேண்டாம்.

மாற்றும் வேலை

நாள் பாருங்கள், நான் ஜாதகத்தைச் சொல்லவில்லை. அழைப்பிதழ் அடிக்கும் கடையென்றால் ஆடி மாதத்தின் முதல் பாதிதான் சரியான காலம், முகூர்த்தம் இல்லை, ஆவணிக் கல்யாணங்களுக்கு இன்னும் ஆர்டர் வர ஆரம்பித்திருக்காது. மார்கழியிலும் முகூர்த்தம் இல்லையே என்று நினைக்கலாம், ஆனால் தை மாதப் பத்திரிகைகளும் காலண்டர் வேலையும் அப்போதுதான் குவியும், தொடாதீர்கள். கணக்கு அலுவலகம் என்றால் மாதத்தில் 11-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் ஜிஎஸ்டி ரிட்டர்ன் நாட்கள், அதைத் தாண்டி 21-க்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள், மார்ச் பக்கமே போக வேண்டாம். எவ்வளவு நல்ல கணினி கொடுத்தாலும் அவசர வேலை நடுவில் மாற்றினால் வெறுப்புத்தான் மிஞ்சும்.

பழைய டிஸ்க்கை ஃபார்மேட் செய்யாதீர்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த வேலைக்கு வந்த புதிதில், ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவருடைய எக்ஸ்பி கணினியை மாற்றிக்கொடுத்தேன். மை டாக்குமென்ட்ஸ், டெஸ்க்டாப் இரண்டையும் கவனமாக நகல் எடுத்தேன், ஃபார்மேட் செய்தேன். அவர் மின்னஞ்சல் எல்லாம் அவுட்லுக் எக்ஸ்பிரஸில் இருந்தது, அது தன் கடிதங்களைக் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஃபோல்டரில், வேறு இடத்தில் வைத்திருக்கும். வெளிநாட்டிலிருந்து மகன் எழுதிய ஆறு வருடக் கடிதங்கள் என் கையால் போயின. அவர் என்னைத் திட்டவில்லை, "பரவாயில்லப்பா" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு நான் யாருடைய டிஸ்க்கையும் அழித்தது கிடையாது.

கணினி ஓரளவு புதியதாக இருந்து விண்டோஸ் மட்டும் பழையது என்றால் வழி சுலபம். பழைய டிஸ்க்கை அப்படியே கழற்றி, மேலே தேதியும் பெயரும் எழுதி, உறையில் போட்டு அவர் கையிலேயே கொடுங்கள். அந்த இடத்தில் ஒரு புது எஸ்எஸ்டி (வேகமான புதுவகை டிஸ்க்) போட்டு, அதில் புதிய விண்டோஸை நிறுவுங்கள். பழைய டிஸ்க்கை யூஎஸ்பியில் செருக உதவும் டிஸ்க் பெட்டி மூலம் கோப்புகளை நகல் எடுத்துக்கொள்ளலாம். ஏதாவது தகராறு என்றால் பத்து நிமிடத்தில் பழையதை மாட்டிப் பழையபடி ஓட்டிவிடலாம். "பிடிக்கலைன்னா நாளைக்கே பழசை மாட்டித் தாரேன்" என்று சொல்ல முடிகிறதே, அந்த ஒரு சொல்லுக்கு அவ்வளவு மதிப்பு. திரும்பிப் போக வழி இருக்கிறது என்று தெரிந்தவர்தான் தைரியமாக முன்னே வருவார். கூடவே எஸ்எஸ்டியில் கணினி சில நொடிகளில் எழுந்துகொள்ளும், அதைப் பார்த்தே பாதிப் பேர் சமாதானமாகிவிடுகிறார்கள்.

விண்டோஸ் 11 போட முடியுமா என்று முன்னாலேயே பாருங்கள். டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சாவிகளை வைத்திருக்கும் சில்லு), செக்யூர் பூட் (கணினி எழும்போதே நம்பகமான மென்பொருளை மட்டும் விடும் வசதி) இரண்டும் வேண்டும், குறைந்தது 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியதும். சில கணினிகளில் டிபிஎம் இருந்தும் பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் வரும் அடிப்படை அமைப்புத் திரை) அணைத்து வைத்திருப்பார்கள், அங்கே போய் இயக்கினால் போதும். தகுதியில்லாத கணினியில் குறுக்கு வழியில் நிறுவும் வித்தைகள் உலவுகின்றன, உங்கள் சொந்தக் கணினியில் செய்து பாருங்கள், ஒருவர் சாப்பாட்டுக்கு நம்பியிருக்கும் கணினியில் வேண்டாம். இணையமும் வீடியோவும் மட்டும் பார்ப்பவர் என்றால் பழைய கணினியிலேயே விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொடுக்கலாம், எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு பார்க்கவும் பழைய விண்டோஸ் சாயலில் இருக்கும்.

நிறுவியவுடனே, அவர் கையில் கொடுப்பதற்கு முன்னால், சில வேலைகளை நீங்களே முடித்துவிடுங்கள். விண்டோஸ் 11-இல் ஸ்டார்ட் பட்டன் நடுவில் இருக்கும், டாஸ்க்பார் அமைப்பில் போய் இடது பக்கம் தள்ளுங்கள், கை அங்கேதான் போகும். வலது கிளிக்கில் பழைய பட்டியல் ஒளிந்திருக்கும், ஷிஃப்டை அழுத்திக்கொண்டே வலது கிளிக் செய்தால் முழுதாக வரும் என்று காட்டிக்கொடுங்கள். ஒன்டிரைவ் தானாக டெஸ்க்டாப்பையும் டாக்குமென்ட்ஸையும் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், இலவச இடம் 5 ஜிபிதான், நிறைந்ததும் எச்சரிக்கையாக வந்துகொண்டே இருக்கும். அவர் "என் ஃபைலைக் காணோம்" என்று போன் செய்வதற்கு முன்னால் அந்த பேக்கப்பை அணைத்துவிட்டு, டி டிரைவ் என்ற பெயரிலேயே ஒரு பகுதி பிரித்து, பழைய ஃபோல்டர்களை அதே பெயரில் அதே இடத்தில் வையுங்கள். பேஜ்மேக்கர் கோப்பு படங்களை முழு முகவரியோடு நினைவில் வைத்திருக்கும், டிரைவ் எழுத்து மாறினால் படமெல்லாம் எங்கே என்று கேட்டுக்கொண்டு நிற்கும்.

இன்னும் ஒன்று, இதை மறக்கவே கூடாது. புதிய விண்டோஸ் 11-இல் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நிறுவினால் டிஸ்க் தானாகவே பூட்டப்பட வாய்ப்பு அதிகம். அதற்கு 48 இலக்க மீட்புச் சாவி ஒன்று உண்டு. போர்டு பழுதாகி டிஸ்க்கை வேறு கணினியில் போடும்போது அந்தச் சாவி இல்லாவிட்டால் உள்ளே இருப்பது எவருக்கும் கிடைக்காது. அதை அச்சடித்து, கடை லைசென்ஸ் வைக்கும் ஃபைலில் வையுங்கள்.

எழுத்தும் விரலும்

டிடிபிகாரருக்கு நான் செய்தது இது. விரலைத் தொடவே இல்லை. என்எச்எம் ரைட்டர், இ-கலப்பை போன்ற இலவச மென்பொருள்களில் பாமினி முறையும் பழைய தட்டச்சு முறையும் இருக்கின்றன. அதே ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளிதான், வெளியே வருவது மட்டும் யூனிகோடு. விண்டோஸிலேயே தமிழ்99 இருக்கிறது, நல்ல முறை, புதிதாகக் கற்கிறவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். ஆனால் இருபது வருடம் பாமினி அடித்தவரிடம் போய்த் தமிழ்99 பற்றிப் பேச நான் தயாராக இல்லை. பேக்ஸ்பேஸ் விவகாரத்தை முதல் நாளே சொல்லிவிடுங்கள், முன்கூட்டியே தெரிந்தால் எரிச்சல் குறையும்.

இன்டிசைனில் தமிழ் உடைந்து, கொம்பு தனியாகப் போய் நின்றால் பயப்பட வேண்டாம், பத்தி அமைப்பில் வேர்ல்ட் ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுத்தால் ஒட்டிக்கொள்ளும். மாதச் சந்தா கட்டுப்படியாகாத கடைகள் ஸ்கிரைபஸ் பார்க்கலாம், இலவசம், 1.6 பதிப்பில் தமிழ் ஒழுங்காக வருகிறது, ஆனால் பழகக் கொஞ்சம் பொறுமை வேண்டும். எழுத்துருக்களுக்கு, தமிழ் இணையக் கல்விக்கழகம் இலவசமாகத் தருகிறது, அரசு ஆவணங்களில் பார்க்கும் மருதம் அங்கிருந்து வருவதுதான். கூகுள் எழுத்துருக்களில் பலூ தம்பி, கவிவனார், காயினி, முக்தா மலர், ஹிந்த் மதுரை என்று முகம் மாறுபட்டவை இருக்கின்றன. ஒரு மாலை உட்கார்ந்து இருபது முப்பது நிறுவி, ஒவ்வொன்றிலும் 'திருமண அழைப்பிதழ்' என்று அடித்து, ஒரே தாளில் பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டுங்கள். அண்ணாச்சி அந்தத் தாளைப் பார்த்துத்தான் "மொட்டை" என்ற பேச்சை விட்டார், பலூ தம்பிக்கு மட்டும் பக்கத்தில் பேனாவால் 'போஸ்டருக்கு ஆகும்' என்று அவர் கையாலேயே எழுதி வைத்திருக்கிறார்.

இருபது வருடக் கோப்புகளை மொத்தமாக யூனிகோடுக்கு மாற்றுகிறேன் என்று இறங்காதீர்கள். மாற்றித் தரும் கருவிகள் இருக்கின்றன, வேலையும் செய்கின்றன. ஆனால் நடுவில் ஆங்கிலத்தில் இருந்த விலாசமும் கம்பெனிப் பெயரும் தமிழ்க் குப்பையாக மாறும், கிரந்த எழுத்துகளும் மேற்கோள் குறிகளும் சில இடங்களில் சறுக்கும், வரிக்கு வரி சரிபார்க்க வேண்டும். கேட்டு வருகிற வேலையை மட்டும் அப்போதைக்கப்போது மாற்றுங்கள். மற்றதெல்லாம், பழைய கணினி உயிரோடு இருக்கும்போதே பிடிஎஃப்பாக எடுத்துவிடுங்கள். பிடிஎஃப்பில் எழுத்துருவையும் சேர்த்து உள்ளே பொதித்துவிடலாம், பாமினி இல்லாத கணினியிலும் பத்திரிகை பத்திரிகையாகவே தெரியும்.

பழையது இருக்கட்டும்

எல்லாவற்றையும் மாற்றியே ஆக வேண்டும் என்றில்லை. பேஜ்மேக்கர் கோப்பைத் திறந்து பார்க்க ஒரு எக்ஸ்பி கணினி மூலையில் இருந்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை, ஆனால் நெட் கேபிளைக் கழற்றிவிட வேண்டும், வைஃபை இருக்கக்கூடாது, வங்கி வேலை அதில் கூடாது. கோப்பைக் கொண்டுவர ஒரு பென்டிரைவை மட்டும் ஒதுக்குங்கள், வாடிக்கையாளர் கொண்டு வரும் பென்டிரைவ் அதில் ஏறக்கூடாது.

அந்தக் கணினியே தள்ளாடுகிறது என்றால், அதை அப்படியே புதியதற்குள் ஒரு மெய்நிகர் கணினியாக, அதாவது ஒரு ஜன்னலுக்குள் ஓடும் கணினியாக, எடுத்துவிடலாம். டிஸ்க்2விஎச்டி என்ற மைக்ரோசாஃப்டின் இலவசக் கருவி டிஸ்க்கை ஒரே கோப்பாக எடுத்துத்தரும், அதை மெய்நிகர் கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளில் திறக்கலாம். எக்ஸ்பி டிஸ்க்கை அங்கே ஐடிஇ என்ற பழைய வகை கண்ட்ரோலரில் இணையுங்கள், சாட்டா என்ற புதிய வகையில் இணைத்தால் நீலத் திரைதான் வரும். கணினியோடு சேர்ந்து வந்த விண்டோஸ் உரிமம் அந்தக் கணினிக்கு மட்டும் உரியது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். யூஎஸ்பி டாங்கிளை உள்ளே அனுப்பலாம், பேரலல் போர்ட் டாங்கிள் பெரும்பாலும் ஒத்துழைக்காது. டாஸ் காலத்து பில்லிங் மென்பொருள் இருந்தால் அதுவும் இந்த வழிக்குத்தான் வர வேண்டும், 64-பிட் விண்டோஸ் 16-பிட் மென்பொருளைத் தொடாது, 11-இல் 64-பிட் மட்டுமே உண்டு. கணக்கு மென்பொருளான டாலியின் பழைய 7.2 பதிப்புக் கணக்கும் நேராகப் புதியதில் திறக்காது, படிப்படியாக மாற்றித்தான் எடுக்க வேண்டும், அதை டாலி தெரிந்தவரிடம் விடுங்கள்.

பிரிண்டர், ஸ்கேனருக்கு 64-பிட் டிரைவர் கிடைக்கிறதா என்று மாற்றுவதற்கு ஒரு வாரம் முன்பே பாருங்கள். ஸ்கேனருக்கு டிரைவர் இல்லையென்றால் வியூஸ்கேன் என்ற மென்பொருள் பல பழைய ஸ்கேனர்களை ஓட்டும், காசு கொடுத்து வாங்குவதுதான்.

பிறகு ஒரு மாதம் இரண்டு கணினியும் பக்கத்தில் பக்கத்தில் ஓடட்டும். புது வேலை எல்லாம் புதியதில், பழைய வேலைக்குப் பழையது. முதல் வாரம் தினமும் ஒரு முறை போனில் கேளுங்கள், அவர் கூப்பிடட்டும் என்று காத்திருக்க வேண்டாம், சங்கடப்பட்டுக்கொண்டு கூப்பிடமாட்டார், சத்தமில்லாமல் பழையதிலேயே அடிக்க ஆரம்பித்துவிடுவார். அவர் கேட்கும் கேள்விகளை ஒரு அட்டையில் அவர் சொற்களிலேயே எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டுங்கள். அண்ணாச்சி அட்டையில் முதல் வரி "வாட்ஸாப் மேட்டரை எடுத்துப் போட". மூன்றாம் வாரம் போனபோது எக்ஸ்பி கணினியின் மேல் பில் புத்தகக் கட்டு ஒன்று அடுக்கியிருந்தது. எப்போது கடைசியாகப் போட்டீர்கள் என்று கேட்டேன். "போன செவ்வாக்கெழமை, மணியக்காரர் வீட்டுப் பத்திரிகைக்கு" என்றார். அந்தக் கோப்பைப் புதியதில் மாற்றி வைத்திருந்தார், கொம்பு ஒன்று இடம் மாறியிருக்கிறதே, அது ஏன் என்று கேட்க எனக்காகக் காத்திருந்தார்.